தஞ்சோங் கிளிங் கடலில் வீசிய இசைத்தட்டு

மெர்லிமாவ்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வாணிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி திவாகரும் சுகம், லீட்ஸ் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க முனியாண்டிதான் துணை. புக்கிட் காத்தில் ஊர் அத்தை முட்டி வலி என்று படுத்திருக்கிறாள், வாய் மட்டும் படுக்கவில்லை. இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, அதனால்தான் கடிதம்.

உன் முதல் ஆல்பம் இன்னும் வந்து சேரவில்லை என்று மூன்று வாரமாகச் சொன்னேனே, அது பொய். மூன்று வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது, நீயோ என்னை நம்பித் தபாலாபீசோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாய். பிரித்தால் அட்டை முழுக்கக் கருப்பு, நடுவில் வெளுத்துப்போன உன் முகம், அதற்கு மாலை வேறு. உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? பூசாரி சிவசாமியிடம் ஓடினேன், "வீட்டுல வெக்காதீங்கண்ணே, கழிச்சி கடல்ல போட்டுடுங்க" என்றார். எலுமிச்சம்பழம் சுற்றி, கற்பூரம் காட்டி, மோட்டார் சைக்கிளில் தஞ்சோங் கிளிங் வரைக்கும் போய் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

நேற்று திவாகர் போனில் அதே படத்தைக் காட்டினான், திட்டினேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்து, "அப்பா, அது அக்கா இல்லப்பா, அம்மா லா. கல்யாணத்துக்கு முன்ன எடுத்த போட்டோ" என்றான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன், புருவத்துக்குக் கீழே அந்த மச்சம். இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவன், மோகனாவை அடையாளம் தெரியாமல் கழிப்புக் கழித்துக் கடலில் எறிந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது வாணி, சோறு இறங்கவில்லை. அவள் போய் மூன்று வருடமாகிறது, மனசு வராமல் நான் அவள் படத்தை இன்னும் மாட்டவில்லை. மகள் நீ செய்ததையும் கெடுத்துவிட்டேன்.

அவன் போனிலேயே பாட்டையும் கேட்டேன். போஸ்ட்-பங்க் இசை என்றாயே, முதலில் பேய் வீட்டுக்குள் போன மாதிரிதான் இருந்தது, டிரம் இடிக்கிறது, கிட்டார் தனியே அழுகிறது, உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ஐந்தாவது பாட்டில் ஆங்கிலத்துக்கு நடுவே ஒரே ஒரு தரம் அம்மா என்று கூப்பிடுகிறாய். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

கோபப்படு, நியாயம்தான். தபாலாபீசில் மட்டும் அப்பாதான் பொய் சொன்னார் என்று சொல்லிவிடு, பாவம் அவர்கள். வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ. உன் கையும் குரலும் நன்றாக இருக்கட்டும், நூறு வருஷம் இரு.

மனசு வந்தால் இன்னொன்று அனுப்பம்மா. ஹாலில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்து உன் அப்பா
வீரப்பன்