காலரான கடிதம்

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

நானும் குட்டியும் நலம். அந்தத் தடுப்பு முகாம் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். என் சமையலில் உப்பு கரிக்கிறது என்று முகம் சுளித்தவர்தானே, அனுபவியுங்கள் என்று எழுத நினைத்தேன். கை வரவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அதிகாரி காகிதம் கொண்டுவருவார், ஊர் திரும்பச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் பத்து நாளில் விமானம் ஏற்றிவிடுவார்கள், தொல்லை விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். போடாதீர்கள். வேறெதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியைப் படியுங்கள்.

உங்கள் பேக்கரி முதலாளி ஒரு வக்கீலம்மாவிடம் என்னை அழைத்துப் போனார். அவர் பேசுவதை போனில் இன்னொரு அம்மா தமிழில் சொல்கிறார். விசாரணைக்கு நீங்கள் வராததால், நீங்கள் இல்லாமலேயே நாடு கடத்தச் சொல்லி நீதிபதி உத்தரவு போட்டுவிட்டாராம். எந்த விசாரணை, கடிதமே வரவில்லையே என்று நான் சண்டைக்கே போய்விட்டேன். கடிதம் நேரத்துக்கு வரவில்லை என்று காட்டினால் வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனு போடலாம், முடிவு தெரியும்வரை உங்களை அனுப்ப முடியாது என்றார் வக்கீலம்மா. அதன் பிறகு ஜாமீன் கேட்கலாம். பன்னிரண்டு வருஷம் இங்கே உழைத்ததையும் குட்டி இங்கே பிறந்ததையும் சொல்லித் தங்க அனுமதி கேட்கலாம். எதுவும் நிச்சயமில்லை என்றும் சொன்னார். நிச்சயம் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவே மாட்டேன்.

வீட்டிலிருக்கும் காகிதங்களை எல்லாம் தேடச் சொன்னார். மூன்று நாள் அலமாரியைக் கவிழ்த்துப்போட்டுத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

இனி திட்டாமல் படியுங்கள். திங்கட்கிழமை எதிர்வீட்டுக்காரர் சட்டையைத் தைக்க உட்கார்ந்தேன். அவருக்கும் உங்கள் கழுத்தளவுதான். பழைய காகிதத்தில் அளவுக்கு வெட்டி ஆணியில் மாட்டியிருக்கும் பேட்டர்ன் கட்டிலிருந்து உங்கள் காலரை எடுத்துத் துணிமேல் வைத்தால், அது வழுக்கித் தலைகீழாக விழுந்தது. பின்பக்கம் அரசாங்க முத்திரை, நம் பழைய வீட்டு முகவரி. பழைய வீட்டுக்காரர் வெகுநாள் கழித்து ஒரு கத்தைத் தபாலைக் கொடுத்தாரே, அதிலிருந்த தடித்த உறை. ஏதோ விளம்பரம் என்று நினைத்துப் பிரிக்காமலே, உள்ளே இருந்த கடிதத்தோடு சேர்த்து வெட்டியிருக்கிறேன். கோர்ட் கடிதம் ஆறு மாதமாக நம் வீட்டில் காலராக இருந்திருக்கிறது. என் கையில் சிக்கிய காகிதம் சட்டையாகாமல் தப்பாது என்று கிண்டல் செய்வீர்கள். பலித்துவிட்டது.

எடுத்துக்கொண்டு ஓடினேன். வக்கீலம்மா அதைக் கண்டதும் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், சிரிப்பு நின்றது. விசாரணை நான்காம் தேதி. உறையில் குத்தியிருக்கும் தபால் முத்திரை ஒன்பதாம் தேதி. எல்லாம் முடிந்து ஐந்து நாள் கழித்துத்தான் கடிதத்தையே அனுப்பியிருக்கிறார்கள். போனிலிருந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவர்கிட்ட சொல்லுங்க, வழி இன்னும் இருக்கு. அவரே கையெழுத்துப் போட்டு அதை அடைச்சிடக் கூடாது."

தொல்லை விட்டது என்று நீங்கள் எழுதியது யாருக்காக என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் போய்விட்டால் இந்த வீட்டுப் பக்கம் யாரும் வரமாட்டார்கள், உங்களைப் போலவே எனக்கும் இங்கே தங்க அனுமதி இல்லாதது யாருக்கும் தெரியாமல் போகும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் இந்த உறை எப்போது கைக்கு வந்தது, யார் வெட்டியது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் மனு நிற்கும். எழுதினால் என் பெயரும் கோர்ட்டுக்குத் தெரிந்துவிடும், இரண்டு நாள் யோசியுங்கள் என்றார் வக்கீலம்மா. எனக்கு ஏதாவது ஆனால் குட்டியை முதலாளியின் மனைவி பார்த்துக்கொள்ள ஒரு பத்திரமும் தயார் செய்து கொடுத்தார். அதை இரண்டு முறை படித்துச் சொல்லச் சொன்னேன்.

இரண்டு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். குட்டியின் அம்மா என்றே பழகிவிட்டதால், என் முழுப்பெயரை எழுத்துக்கூட்டித்தான் எழுதினேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போட்ட கையெழுத்து போட்டதுதான். அதனால் நீங்கள் போடாதீர்கள்.

நாளை உங்களைப் பார்க்க வரும் வக்கீலம்மாவிடமே இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். காலரும் அவரிடம்தான் இருக்கிறது, கோர்ட்டுக்குப் போகிறது. எதிர்வீட்டுக்காரர் சட்டை காலரில்லாமல் தொங்குகிறது. எப்போது கிடைக்கும் என்று நேற்றும் கேட்டார். அளவு எடுக்க வேண்டிய கழுத்து ஊரில் இல்லை, வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா