கீழுதட்டின் இடது பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

இடது கீழ்த்தாடையின் கடைசியில் ஒரு பல் முளைக்கப் பார்க்கிறது. ஞானப்பல்லாம். பல்கலைக்கழகத்தில் அத்தனை வருடம் தேடியும் வராதது, இப்போது படுத்தவாக்கில் வருகிறது.

அலுவலகத்தில் இன்று ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டைத் திருத்தினேன். ‘இயந்திரம் ஓடும்போது கையை உள்ளே விடாதீர்கள்.’ இப்படிப்பட்ட எச்சரிக்கைகளை எழுதத்தான் எனக்குச் சம்பளம். மனிதன் எதற்கெல்லாம் பயப்படலாம் என்று யோசித்துச் சொல்கிற வேலை. சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

பக்கத்து மேசைக்காரர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே எலுமிச்சம்பழம் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறேனா என்று கேட்டார். பல் டாக்டரிடம் போகச் சொன்னார். போகலாம். போகாமலும் இருக்கலாம்.

மார்ச் 5, புதன்

போகவில்லை.

மார்ச் 7, வெள்ளி

அம்மா அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். வாராவாரம் போகிறாள். வந்ததும் சமையலறையில் நின்று சுவரிடம் செய்தி வாசிப்பாள். ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு வேலை அதிகமாம். மாப்பிள்ளைக்குச் சளியாம். நான் கூடத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கேட்காதது போல் கேட்பேன். மூன்று வருடமாக இந்த ஏற்பாடு. புத்தகத்தில் பக்கம் நகர்ந்தபாடில்லை.

அக்கா பல் டாக்டர். தாடையில் அறுவை சிகிச்சை செய்கிறவள். இதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன் – பல் எனக்கு, எனக்கு அக்கா, அக்காவுக்குக் கத்தி என்று யோசனை எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துதான்.

சண்டை என்ன? அவள் தனக்குப் பிடித்தவரைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பாவுக்குச் சம்மதமில்லை, அவரைக் கூப்பிடவில்லை, சரி. என்னையும் கூப்பிடவில்லை. ஒரே அறையில் வளர்ந்தவர்கள் நாங்கள். யாரோ அனுப்பிய போட்டோவில்தான் என் அக்காவின் கல்யாணத்தைப் பார்த்தேன். அன்றே போன் செய்து, உன் தம்பி செத்துவிட்டான் என்று நினைத்துக்கொள் என்றேன். நாடகமேடையில் நிற்பது போல. அவள் அழுவாள், மறுப்பாள் என்று நினைத்தேன். “சரி” என்று வைத்துவிட்டாள். அன்றிலிருந்து செத்தபடியே இருக்கிறேன்.

போன வருடம் அப்பா இறந்தபோதுகூட அம்மாவை நடுவில் வைத்துத்தான் பேசினோம். “வண்டி வந்துடுச்சான்னு அவன்கிட்ட கேளும்மா.” அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தான்.

அவள் என்னிடம் கேட்கவேண்டிய மன்னிப்பை நானே மனதுக்குள் எழுதித் திருத்தி வைத்திருக்கிறேன். தொழில் பழக்கம். இப்போதைய வடிவத்தில் அவள் இரண்டு இடங்களில் அழுகிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

வலி. கல்லூரியில், கடவுள் இல்லை என்று மேடையேறிப் பேசிக் கோப்பை வாங்கியவன் நான். அந்தக் கோப்பையில் அம்மா இப்போது பட்டன் போட்டு வைத்திருக்கிறாள். இன்று அதன் எதிரிலேயே உட்கார்ந்து, கடவுளே, இந்தப் பல்லை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடு என்று வேண்டினேன். பட்டன்கள் கேட்டுக்கொண்டிருந்தன.

மார்ச் 11, செவ்வாய்

தெருக்கோடியில் இருக்கும் டாக்டரிடம் போனேன். வயதானவர், நிதானமானவர். எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு ‘ம்’ என்றார். மறுபடி ‘ம்’. இரண்டாவது ‘ம்’ எனக்குப் பிடிக்கவில்லை.

பல்லின் வேர் ஒரு நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதாம். எடுக்கும்போது நரம்பு அடிபட்டால் கீழுதட்டின் இடது பாதி மரத்துப்போகலாம். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. இதை நான் தொட மாட்டேன், இதற்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார், அவர் கை அவ்வளவு சுத்தம் என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அவள் “ஹலோ” என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் என் பெயரைச் சொன்னார். போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து அவர் பெயரை இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். வயது இருபத்தெட்டு என்றார்.

“இருபத்தொம்பது,” என்றாள் அக்கா. “போன மாசம் முடிஞ்சுது.”

“தெரிஞ்சவரா டாக்டர்?”

“எக்ஸ்ரேய அனுப்புங்க சார்.”

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அங்கே ஒரு பல்லி இருந்தது. அதுவும் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

கடவுளுக்குப் புதிய ஒப்பந்தம் ஒன்று தயாரித்தேன். ஷரத்து ஒன்று: உதடு மரக்கக் கூடாது. ஷரத்து இரண்டு: அப்படி மரக்காவிட்டால், நானே முதலில் அக்காவிடம் பேசுவேன். ஷரத்து மூன்று: பேசினாலும் மன்னிப்பு அவள்தான் கேட்க வேண்டும். வாய்க்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு வெளியே சொல்லியிருக்கிறேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

“கடவுள்கிட்ட போய் வக்கீல் மாதிரி பேசாதடா. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. அவருக்கு அது போதும்.”

எனக்கு ஒன்றும் பயமில்லை என்றேன். அம்மா என் காதைப் பார்த்துவிட்டு மறுபடி துணி மடிக்கப் போனாள்.

மார்ச் 14, வெள்ளி

இன்றைய செய்தி வாசிப்பு, சுவரை நோக்கி, ஒரே மூச்சில்: “புதன்கிழமை காலைல வரச் சொன்னா. வெறும் வயித்தோட வரக்கூடாதாம். ஊசியப் பாத்தா மயங்கி விழுவான், நல்லா சாப்பிட்டுட்டு வரச் சொல்லுன்னா.”

நான் மயங்கி விழுந்தது ஒன்பதாம் வகுப்பில். இதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்?

மார்ச் 15, சனி

ஊரில் இன்னொரு தாடை டாக்டர் இருக்கிறார். அவரிடம் போனேன். காத்திருக்கும் அறையில் மீன்தொட்டி, பழைய வாரப் பத்திரிகைகள், உள்ளேயிருந்து ரம்பம் மாதிரி ஒரு சத்தம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர்க்காரர் வெளியே போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

வீடு வரும்வரை யோசித்தேன். ஓடியது ரம்பத்துக்குப் பயந்தா? இல்லை, இங்கேயே வேலை முடிந்துவிட்டால் புதன்கிழமை போகக் காரணம் இருக்காது என்றா?

இரண்டாவது பதிலை எழுதியதும் அடிக்கப் பார்த்தேன். இருக்கட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

பயமா இருக்கு. பல்லுக்காக இல்ல. அவ மூஞ்சியில ஒண்ணுமே தெரியாம, வேற யாரோ மாதிரி என்னைப் பாத்து, வேற யாரோ மாதிரி அனுப்பிட்டான்னா?

இன்றைய பிரார்த்தனை இவ்வளவுதான். ஷரத்து எதுவும் இல்லை. பதிலும் வரவில்லை. ஆனால் யாரோ கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மார்ச் 19, புதன்

கன்னம் பந்து மாதிரி இருக்கிறது. எழுதக் கை மட்டும் போதும் என்பதால் எழுதுகிறேன்.

நாற்காலியில் சாய்த்துப் போட்டார்கள். நர்ஸ் என் மூக்கையே பார்த்துவிட்டு, டாக்டருக்குச் சொந்தமா என்று கேட்டார். என்ன சொல்வதென்று நான் யோசிப்பதற்குள் அவள் வந்துவிட்டாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும்.

“வாயத் திற.”

மூன்று வருடத்தில் நேரடியாக என்னிடம் சொன்ன முதல் சொற்கள். திறந்தேன். மூட விடவில்லை.

“வலிச்சா இடது கையத் தூக்கு. பேசப் பாக்காத.”

நான் பேசுவதற்கென்று எவ்வளவோ வைத்திருந்தேன். வருகிற வழியில்கூட ஒரு முன்னுரை யோசித்திருந்தேன். வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு யாரும் வாதாட முடியாது. ஊசி. பிறகு சத்தம் – வலி இல்லை, சத்தம் மட்டும், மண்டைக்குள் யாரோ அலமாரியை நகர்த்துவது போல. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பிரார்த்தனைக்கும் வார்த்தை வரவில்லை. நீயே பாத்துக்கோ. எதை என்று சொல்லவில்லை. உதடா, அக்காவா, எதுவானாலும். அதன் பிறகு கை தானாகத் தளர்ந்தது. மருந்தின் வேலையாக இருக்கலாம் என்று கோப்பை வாங்கியவன் சொல்வான். சொல்லட்டும்.

பல்லைத் துண்டுதுண்டாக எடுத்தாள். கடைசியில் தையல். ஒரு பஞ்சு உருண்டையை உள்ளே வைத்து, “கடிச்சுப் பிடி. நான் சொல்ற வரைக்கும் வாயத் திறக்காத” என்றாள். நர்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அக்கா போகவில்லை. சக்கரம் வைத்த முக்காலியை இழுத்து உட்கார்ந்து, கையுறையை உரித்தபடி, கையுறையைப் பார்த்தே பேசினாள்.

“உன்னைக் கூப்பிட்டிருந்தா வந்திருப்ப. வந்துட்டு, சாயங்காலம் அப்பா முன்னாடி நின்னிருப்ப. உனக்குப் பொய் சொல்ல வராது, காது செவந்துடும். அவர் உன்னையும் வெளிய அனுப்பியிருப்பாரு. அப்ப உனக்குப் பரீட்சை.”

நான் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“இது நான் எனக்கே சொல்லிக்கிட்ட நியாயம். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. அது தப்பு.”

நான் எழுதி வைத்திருந்த எந்த வடிவத்திலும் இது இல்லை. இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அழவும் இல்லை. குறைந்தபட்சம் அவள் அழவில்லை.

இடது கையைத் தூக்கினேன்.

“வலிக்குதா?”

இல்லை என்று தலையாட்டினேன். கை மட்டும் மேலேயே நின்றது. எதற்குத் தூக்கினேன் என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. பிறகு நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வெளியே காத்திருந்த அம்மா எட்டிப் பார்த்து, ரெண்டு பேரும் பேசினீங்களா என்று கேட்டாள்.

“நான் பேசினேன்,” என்றாள் அக்கா. “அவன் கேட்டுக்கிட்டு இருந்தான். உலக அதிசயம்.”

மார்ச் 20, வியாழன்

மருந்தின் மரப்பு இதற்குள் போய்விட்டிருக்க வேண்டும். உதட்டின் இடது பாதி இன்னும் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 26, புதன்

தையல் பிரித்தாள். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் உதட்டைத் தொட்டுத் தொட்டுக் கேட்டாள்.

“இப்ப தொடறேனா?”

“தொடற.”

“தொடல,” என்றாள்.

வலது பக்கம் எல்லாம் சரி. இடது பக்கம் ஊகம். கண்ணைத் திறந்தபோது அவள் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டிருந்தாள். நரம்பு நசுங்கியிருக்கிறது, அறுபடவில்லை, சில மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் குரலில் சொன்னாள். அப்புறம் அந்தக் குரல் போய்விட்டது.

“நான்தானேடா வெட்டினேன்.”

பயந்திருந்தாள். இந்த வீட்டில் பயப்படுகிற உத்தியோகம் என்னுடையது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

யோசித்துப் பார்த்தால், கையில் புத்தம்புதிதாக ஒரு குற்றச்சாட்டு கிடைத்திருக்கிறது. எக்ஸ்ரே ஆதாரத்தோடு. பழையது போல இல்லை, இன்னும் மூன்று வருடத்துக்குத் தாராளமாகத் தாங்கும். எடுக்கத் தோன்றவில்லை.

“பரவால்லக்கா,” என்றேன். “அன்னிக்கு போன்ல நான் சொன்னதுக்கு – மன்னிச்சிடு.” பாதி உதட்டோடு சொன்னதால் சோடா பாட்டிலுக்குள் ஊதியது போல வந்தது. அவள் சிரித்து, உடனே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“செத்தவன் பேசினா இப்படித்தான் கேக்கும் போல,” என்றாள்.

உதட்டைக் காப்பாற்றினால் அக்காவிடம் பேசுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். கடவுள் உதட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அக்காவைக் கொடுத்திருக்கிறார். ஷரத்துகளை அவர் படிக்கவே இல்லை. நல்லது.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. முதல் தடவையாக உள்ளே போகிறேன். குளியலறைத் தாழ்ப்பாள் விழாது, கதவைக் காலால் அணைத்துப் பிடிக்க வேண்டும். மூன்று வருடச் செய்தி வாசிப்பில் அம்மா இதை விட்டுவிட்டாள்.

அக்கா வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிட நாக்கு கூசியது. இரண்டாவது தடவை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காதது போல, அவர்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் லாரி மாதிரி சத்தம் போடுகிறது, அந்தத் துறையில் இருப்பவன் என்பதால் நான் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டார். ஓடும்போது கையை உள்ளே விடாதீர்கள் என்றேன். என் படிப்புக்கு அவ்வளவுதான்.

சாப்பிடும்போது அக்கா திட்டிக்கொண்டிருந்தாள் – தாடைப் பயிற்சியை ஒழுங்காகச் செய்வதில்லையாம், அம்மா போட்டுக்கொடுத்துவிட்டாள். இப்போது செய்தி இரண்டு பக்கமும் போகிறது. திட்டை நிறுத்தாமலே கையை நீட்டி, என் உதட்டின் இடது பக்கத்திலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்துத் தன் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று மாமாவைக் கேட்டாள்.

அது அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. வேறு ஏதாவது ஒட்டியிருந்ததா என்றும் தெரியாது. இருந்திருந்தால் எடுத்திருப்பாள்.