இடக்கையில் கௌரிக் காப்பு

2006 மே 24
முழங்கையில் ஐஸ் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தமிழில் எழுதினால் உடுப்பு மாற்றும் அறையில் ஒருத்தனும் வாசிக்க மாட்டான். சம்பளத்துக்கு பேஸ்போல் எறிகிற முதல் வருஷம். மொன்றியல் குழுவில் ஆகக் கடைசியாகச் சேர்ந்தவன் நான். ஜூன் முடிவில் ஒருவனை வீட்டுக்கு அனுப்புவார்களாம். அது நானாக இருக்காது.

அம்மா: "பந்தெறிஞ்சே சீவிக்கப் போறாய்?"

ஓம். பந்தெறிந்துதான்.

ஜூன் 3
முதல் ஆட்டம். ஒரு பந்துகூட எறியவில்லை. நடுவர் வந்து என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். கௌரிக் காப்பு — அம்மா இருபத்தொரு நாள் விரதம் இருந்து, போன வருஷம் கோயிலில் எனக்குக் கட்டுவித்த நூல். எறிகிற கையில் எதுவும் இருக்கக் கூடாதாம். அடிக்கிறவனின் கண்ணைக் குழப்புமாம். பயிற்சியாளர் றெமி கத்தரிக்கோலோடு ஓடி வந்தார்.

மாட்டேன் என்றேன்.

சாமியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மா பட்டினி கிடந்து கட்டினதை இவன் ஆர் வெட்ட? ஆட்டம் முடியும்வரை மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருந்தேன்.

ஜூன் 4
றெமி: "அடுத்த ஆட்டத்துக்கு அந்த நூலோடு வராதே. வந்தால் நீ குழுவில் இல்லை."
அம்மா: "அடுத்த விரதத்துக்கு முன்னம் அதில கை வைக்கக் கூடாது. வைச்சியெண்டால் என்னோட கதையாதை."
நல்ல கதை. ஆளாளுக்குச் சட்டம். கை மட்டும் என்னுடையது!

ஜூன் 9
வெட்டவில்லை. முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்து, இடக்கையில் கட்டினேன். கையுறைக்குள் மறைந்துவிட்டது. நடுவர் வலது மணிக்கட்டைப் பார்த்துவிட்டு எறியச் சொன்னார். நன்றாக எறிந்தேன். வென்றோம்!

வீட்டில் அம்மா இடக்கையைப் பார்த்தா. சோற்றைப் போட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டா.

ஜூன் 18
டொலார்ட்டில் இருக்கிற எங்கள் கோயில். விமலநாதன் மாமா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "என்னடா கஜீவன், பொம்பிளையள் மாதிரி இடக்கையில கட்டியிருக்கிறாய்?" சனம் சிரித்தது. "ஓம் மாமா, வலக்கை பிஸி" என்றேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டா. அதுதான் சுட்டது. மற்றவை சிரிக்கட்டும்.

ஜூன் 30
ஒருவனை அனுப்பிவிட்டார்கள். என்னை இல்லை.

ஆகஸ்ட் 12
படுதோல்வி. என் பந்தை வேலிக்கு வெளியே அடித்து விளாசினார்கள். அடிக்கட்டும். திரும்பவும் எறிவேன்.

அம்மா இன்னும் தங்கச்சி தாட்சாயினி மூலமாகத்தான் கதைக்கிறா. "அவனைச் சாப்பிடச் சொல்லு." பக்கத்திலதானே நிக்கிறன் அம்மா! எத்தனை நாளைக்கு இப்படி?

செப்டம்பர் 5
அடுத்த வருஷத்துக்கும் ஒப்பந்தம். அம்மாவிடம் நேரே போய்ச் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டே இருந்தா.

ஒக்டோபர் 21
இந்த வருஷ விரதம் முடிந்தது. கோயிலில் ஐயர் புதுக் காப்போடு நின்றார். இடக்கையை நீட்டினேன்.

"ஆம்பிளைப் பிள்ளையெல்லே தம்பி, வலக்கையைத் தாரும்."

இடக்கையை எடுக்கவில்லை. நீட்டின கையோடு அப்படியே நின்றேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. சண்டைக்கு ஆயத்தமாகி வாயைத் திறக்க, எனக்கு முன்னம் அம்மா சொன்னா:

"இடக்கையிலையே கட்டுங்கோ ஐயா. என்ரை பிள்ளைக்கு வலக்கையாலதான் தொழில்."