இடது தொடையா, வலது தொடையா

பிப்ரவரி 3, செவ்வாய்

சொன்னால் வெட்கக்கேடு. எழுதினால் பரவாயில்லை, இந்த நோட்டைப் படிக்க இந்த வீட்டில் கரப்பான்பூச்சியை விட்டால் ஆள் இல்லை. இன்றைக்கும் வேண்டுமென்றே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்.

என் வேலை இதுதான்: குழந்தைகள் மருத்துவமனையில் ஊசி போட்டதும் பெயர், பிறந்த நாள், மருந்து, பேட்ச் நம்பர், ஊசி போட்ட இடம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, சாயங்காலம் தடுப்பூசிப் பதிவகத்துக்கு அனுப்புவது. அந்தக் கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டால், மறுநாள் காபி நேரத்துக்குப் பதிவகத்திலிருந்து ஃபோன் வரும்.

"மேடம், அந்த ஆறு மாசப் பாப்பாவுக்கு ஊசி இடது தொடையா, வலது தொடையா?"

முன்பின் பார்த்திராத ஆம்பளை ஒருவர் தொடையைப் பற்றி இவ்வளவு மரியாதையாகக் கேட்டு நான் கண்டதில்லை. பஞ்சுக்குரல். போன நவம்பரில் கடவுச்சொல்லை மறந்துவிட்டு நான்தான் முதலில் கூப்பிட்டேன். ஐந்து நிமிஷ வேலையை அரை மணி நேரம் சிரித்துச் சிரித்துச் செய்தோம். அடுத்த வாரம் இந்தக் கட்டம் காலியாகப் போனது நிஜமாகவே மறதி. சத்தியம். அதற்கடுத்தது... அதை விடு.

பாப்பாக்களின் அட்டையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அவ்வளவு பெரிய பாவி இல்லை நான்.

பிப்ரவரி 4, புதன்

கூப்பிட்டார். இடது என்றேன். மழை வருமா என்றார். வராது என்று அடித்துச் சொன்னேன். வந்தது. நனைந்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

அவர் தேடும்போது ஃபோனைக் கீழே வைத்துவிடுவார். விசைப்பலகை தட்டுவதும் நாற்காலி கிறீச்சிடுவதும் கேட்கும். போன வாரம் பெரிய மேதாவி மாதிரி, "நாற்காலிக்கு எண்ணெய் விடுங்க சார்" என்றேன். மனுஷன் விட்டுவிட்டார். இன்றைக்குக் கிறீச் இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கேட்க ஒரு சத்தம் குறைந்துபோனது.

ஃபோனை வைத்ததும் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, தொடை ஃபோன் வந்தாச்சா? மூஞ்சி பல்பு மாதிரி எரியுதே!"

"போடி, வேலையைப் பாரு."

இவளிடம் ஒன்று சொன்னால் மருந்துக்கடை வரை போய்விடும். எனக்கு எப்படித் தெரியும்? மருந்துக்கடைக்காரர் கதை முழுவதும் இவள் வழியாகத்தான் என்னிடம் வந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

இடி.

எங்கள் கொட்டாவி டாக்டர் இன்றைக்குக் கொட்டாவி விடாமல் மீட்டிங் போட்டார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் ஒன்றிலிருந்து எல்லா மருத்துவமனைகளுக்கும் தடுப்பூசி விவரம் அனுப்ப ஒரே பொதுத் தரமாம். எல்லோருக்கும் அதே கட்டங்கள், அதே குறியீடுகள், அதே வரிசை. ஊசி போட்ட அந்த நிமிஷமே விவரம் தானாகப் பதிவகத்துக்குப் போய்விடும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திரை மூடாது.

"இனிமே ஒரு ஃபோன்கூட தேவைப்படாது!" என்று சொல்லிக் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ராத்திரி சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் போய் ஏழு வருஷம். மகள் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை திரையில் வந்து, "அம்மா, மாத்திரை போட்டியா?" என்பாள். நல்ல பெண். ஆனால் மழை வருமா என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. இந்த வயசில் என்னைப் பார்த்து விசிலடிப்பது குக்கர் ஒன்றுதான்.

மார்ச் 5, வியாழன்

புது முறைக்குப் பயிற்சி. மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்த பெண் படபடவென்று பேசினாள். நான் மெதுவாகக் கையைத் தூக்கினேன்.

"ஊசி போட்ட இடத்தை ஒருவேளை மறந்து விட்டுட்டா?"

"மறக்கவே முடியாது ஆன்ட்டி, விடாது."

"சரி, தப்பித் தவறி?"

"சான்ஸே இல்ல ஆன்ட்டி."

ரெண்டு ஆன்ட்டி. பின்னால் நர்ஸ் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, புது முறையைப் பார்த்து பயப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார். பயமாம்!

மார்ச் 12, வியாழன்

புது முறை வெள்ளோட்டம். திட்டித் தீர்க்கலாம் என்று தயாராக இருந்தேன்.

வேறு ஊரிலிருந்து வீடு மாறி வந்த ஒரு அம்மா. இடுப்பில் ஒன்றரை வயசுப் பையன். சாமான் ஏற்றி இறக்கியதில் தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டது. என்னென்ன போட்டது என்று அவளுக்கு நினைவில்லை, அழுகிறாள். முன்பெல்லாம் என்ன செய்வோம்? அட்டை இல்லாவிட்டால் போட்டதையே திரும்பப் போடுவோம். பொத்தானை அழுத்தினேன். மூச்சு விடுவதற்குள் அந்த ஊர் மருத்துவமனை போட்ட ஊசி அத்தனையும் எங்கள் திரையில் வந்து நின்றது. எங்கள் கட்டங்களில், எங்கள் வரிசையில். ஒரே ஒரு ஊசிதான் பாக்கி.

நர்ஸ் எடுத்துவைத்திருந்த மற்றதையெல்லாம் திரும்பக் குளிர்பெட்டியில் வைத்தாள். பையன் என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தான்.

இதை எப்படித் திட்டுவது? வாய் வரவில்லை. நல்ல விஷயம்தான். நல்ல விஷயம்தான், சனியன்.

மார்ச் 19, வியாழன்

இன்றைக்கு மூன்று கட்டம் காலி. பேராசை.

மார்ச் 30, திங்கள்

குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை. "சார், ஒருநாள் வெளியில காபி குடிக்கலாமா?" கண்ணாடியில் இருந்தவள் பல்தேய்த்த நுரையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கென்ன, அவள் ஃபோனை எடுக்க வேண்டியதில்லை.

மார்ச் 31, செவ்வாய்

கடைசி ஃபோன்.

"மேடம், அந்த இரட்டைக் குழந்தைங்க... ரெண்டு பேருக்கும் எந்தப் பக்கம்?"

"மூத்தவளுக்கு வலது, சின்னவளுக்கு இடது."

தட்டினார். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"நாளையிலேர்ந்து உங்களுக்கு என் தொல்லை இருக்காது மேடம்."

"தொல்லையா? சேச்சே."

அவர் மூச்சு விடுவது கேட்டது. நான் விடவே இல்லை.

"அப்புறம் மேடம்..."

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. வலது, இடது. போட்டுட்டேன்."

"நன்றி சார்."

நன்றி சாராம்! வாயில என்ன கொழுக்கட்டையாடி வெச்சிருந்தே? ஊருக்கெல்லாம் பேசத் தெரியுது, நர்ஸோட நாத்தனார் விஷயம் வரைக்கும் பேசுறே, காபின்னு ஒரு வார்த்தை வரலையா?

ஏப்ரல் 2, வியாழன்

ஃபோன் வேலை செய்கிறதா என்று எடுத்துப் பார்த்தேன். செய்கிறது.

ஏப்ரல் 6, திங்கள்

புதுத் திரையில் ஊசி போட்ட இடத்துக்கு நான்கு பொத்தான். இடது கை, வலது கை, இடது தொடை, வலது தொடை. ஒன்றைத் தொட்டால் பச்சையாகிறது. நாள் பூராவும் பச்சை. நர்ஸ்கூட என்னைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டாள். அதுதான் இன்னும் மோசம்.

ஏப்ரல் 9, வியாழன்

பழைய இணைப்பை மூடிவிட்டுப் போவதற்கு அந்த மென்பொருள் பெண் வந்தாள். நாங்கள் அனுப்பியதற்கெல்லாம் பதிவகம் கொடுத்த பதிலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். குற்றவாளிக்கு நிற்க வேறு இடம் ஏது?

"பரவாயில்ல ஆன்ட்டி, ஒண்ணுகூட திரும்பி வரல. எல்லாம் அனுப்பின அன்னிக்கே ஏத்துக்கிட்டாங்க."

"ஊசி போட்ட இடம் காலியா இருந்ததுகூடவாம்மா?"

"அதுவுந்தான். பழைய முறையில அந்தக் கட்டம் கட்டாயமே இல்லையே. காலியா இருந்தாலும் அப்படியே ஏறிடும். அதுக்கெல்லாம் யாரும் ஃபோன் பண்ணிக் கேக்க மாட்டாங்க."