முள்ளோடு ஒரு ரோஜா

மார்ச் 3
இன்றும் இரண்டு பேருக்குப் பருப்பு ஊறப் போட்டுவிட்டேன். ஓர்ஃபியோ போய் நாலு மாதம் ஆகிறது, என் கைக்கு இன்னும் புத்தி வரவில்லை.

எதிர்வீட்டு செலிந்தா மகனுடைய சட்டைகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். என் புருஷனைக் காட்டுப்பன்றி என்று நினைத்துச் சுட்ட ஃபாவுஸ்தோவின் சட்டைகள். தீர்ப்பு வரும்வரை வீட்டில்தான் இருக்கிறானாம். மூடுபனியில் தெரியவில்லையாம். மூடுபனியா சாராய வாடை அடிக்கும்?

மார்ச் 9
யார் வீட்டிலோ பன்றிக்கறி வேகிற வாசனை. ஜன்னலைச் சாத்தினேன். வேட்டைக்குழு எப்போதும் கறியைச் சமமாகப் பங்கு போடும். அவரைச் சுட்ட அன்று சாயங்காலமும் ஓர்ஃபியோவின் பங்கைக் காகிதத்தில் சுற்றி என் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆள் பிணவறையில், கறி வாசலில்! நாய்க்குப் போட்டேன்.

மார்ச் 16
பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் பிடித்துக்கொண்டார்.
"எர்சிலியா, நம்ம ஊர் புனித ரீத்தாவப் பாரும்மா. புருஷனக் கொன்னவங்களையே மன்னிச்சா."
"அவ புனிதை, சாமி. நான் வெறும் எர்சிலியா."

செபத்தில் 'எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல' என்ற இடம் வந்தால் வாயை மூடிக்கொள்கிறேன். கடவுளிடம் பொய் சொல்வதைவிட ஊமையாக இருப்பது மேல்.

மார்ச் 17
மடத்துத் தாயார் சொன்னாள் என்று ரீத்தா காய்ந்த குச்சிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினாளாம், அது துளிர்த்ததாம். சரி, நானும் ஊற்றுகிறேன். வேட்டையில் பன்றியைக் கிளப்ப ஓர்ஃபியோ புதர் தட்டுகிற கழியைப் பூந்தொட்டியில் நட்டுவிட்டேன். காலையில் தண்ணீர், கூடவே செபம். யாருக்கு முதலில் சலிக்கிறது, எனக்கா கடவுளுக்கா, பார்த்துவிடலாம்.

ஏப்ரல் 2
ஊற்றினேன். ஒன்றுமில்லை.

ஏப்ரல் 20
நாத்தனார் இவானா வந்தாள். தொட்டியைப் பார்த்து ஒரே சிரிப்பு.
"அண்ணி, இது முளைக்கிறதுக்குள்ள உனக்குப் பல்லு கொட்டிடும்."
"கொட்டட்டும். அப்பவாவது பல்லக் கடிக்காம செபம் சொல்லுவேன்."

மே 14
ரொட்டிக்கடையில் செலிந்தா நுழைந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். எனக்காக! அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு தலை குனிந்து போனாள். நன்றாக வேண்டும் என்றிருந்தது.

வீட்டில் கழிக்குத் தண்ணீர் ஊற்றும்போது — அவளா சுட்டாள்? சீ, இந்தக் கேள்வி யாருக்கு வேண்டும்?

மே 22
ரீத்தா திருநாள். எங்கள் காஷா ஊர்ச் சதுக்கம் முழுக்க ரீத்தாவின் பூவான ரோஜா. சாமியார் பூக்களை மந்திரித்து ஆசீர்வதிக்கிற நேரம், எல்லாரும் பூவை உயர்த்தினார்கள். தூணோரம் செலிந்தா, வெறுங்கையோடு.
"பூவோட வர எந்த மூஞ்சி இருக்கு அவளுக்கு?" என்றாள் இவானா.

என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று ஓர்ஃபியோவின் கல்லறைக்கு. அதைத்தான் கொண்டுபோய் நீட்டினேன். முள்ளைக் கிள்ளவில்லை. வேண்டுமென்றேதான்.
"எர்சிலியா, நான் உன் கால்ல..."
"பேசாதடி. பூவத் தூக்கு, சாமி தண்ணி தெளிக்கிறாரு."

இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விரலில் ரத்தம். துடைக்கக்கூட இல்லை.

ஓர்ஃபியோவுக்கு இன்று பூ இல்லை. கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும்.

மே 23
கழி காய்ந்தபடியேதான் இருக்கிறது. தண்ணீர் ஊற்றினேன். செபத்தில் இத்தனை நாள் விழுங்கிய அந்த மன்னிப்பு வரியையும் சொன்னேன். வாய்தான் சொன்னது, நெஞ்சு இல்லை. ஃபாவுஸ்தோவை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எதிர் ஜன்னலில், தண்ணீர்க் குவளையில், அந்தப் பூ இருக்கிறது.