கதவுச் சீட்டில் ஒரு சொல்

ஜூன் 2

இன்று ‘யோகாவசரர்’ என்று தடுமாறாமல் எழுதிவிட்டேன். பயிற்சியிலேயே உலவுகிறவர் என்று பொருள். பாலி மொழிக்காரர்களுக்குத் தியானம் செய்கிறவர்கள்மேல் எவ்வளவு ஆசை! ஒரு பெயர் போதவில்லையே அவர்களுக்கு.

முப்பது வருஷமாக இந்தத் தியான மண்டபத்தைப் பெருக்குகிறேன். பத்து நாள் தியானத்தில் உட்கார வருகிறவர்கள் தங்களுக்குப் பொருந்தும் பாலிச் சொல்லைத் தங்கள் கையாலேயே சீட்டில் எழுதி, அறைக் கதவில் மாட்ட வேண்டும். கைநாட்டு செல்லாது. பத்தாம் நாள் அவற்றைக் கழற்றிப் பெட்டியில் போடுவது என் வேலை. ஒன்றையும் படித்ததில்லை. இந்த வருஷம்தான், எழுபத்திரண்டு வயதில், மருமகள் எனக்கு எழுத்துக் காட்டினாள்.

ஜூன் 5

மண்டபத்தை நடத்தும் துறவியிடம் கேட்டேவிட்டேன். நானும் உட்காரலாமா?

“சீட்டு எழுதுவீங்கல்ல?”

“எழுதுவேன் சாமி.”

“அப்புறம் என்ன?”

சமையல்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பத்து நாள் வாயே திறக்கக் கூடாது பெரியவரே. நீங்க துடைப்பத்தோடயே பேசுற ஆளாச்சே!”

ஜூன் 9

எந்தச் சொல்? விபஸ்ஸகர் — உள்ளதை உள்ளபடி பார்ப்பவர். ஜாயி — தியானத்தில் ஆழ்ந்தவர். எவ்வளவு சின்னச் சொல், எவ்வளவு ஆழம்! ஜாயி என்றே எழுதினேன்.

மருமகள் பார்த்துவிட்டு, “எடுத்த எடுப்புலயே உச்சாணிக் கொம்பா மாமா?” என்றாள்.

ஜூன் 10

முதல் நாள். பேசத்தான் தடை, எழுதத் தடையில்லை.

மானம் போச்சு. கண்மூடி உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக ஒரு இலை வந்து தரையில் விழுந்த சத்தம். அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம் — கையில் துடைப்பம்! அறுபது பேர் நடுவில் நான் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்! யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வெளியே போகச் சொல்லிவிடுவாரோ?

துறவி எழுந்து வந்தார். துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாத்தினார். என் இடத்தைத் தட்டிக் காட்டினார். அவ்வளவுதான்.

அறைக்கு வந்ததும் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். ஆதிகம்மிகர். இப்போதுதான் தொடங்குகிறவர். எனக்கு அதுதான் சரி.

ஜூன் 14

இன்றும் இலை விழுந்தது. விழுந்தது என்று தெரிந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

ஜூன் 19

பத்து நாள் முடிந்தது. சீட்டுகளை முதன்முறையாகப் படித்துப் படித்துக் கழற்றினேன். எத்தனை ஜாயிகள், எத்தனை யோகாவசரர்கள்! கடைசிக் கதவு துறவியுடையது. உருண்டை உருண்டையான கையெழுத்து. எழுத்துக் கூட்டினேன். ஆ-தி-கம்-மி-கர்.

எனக்காக எழுதினாரோ? பெட்டியைக் கவிழ்த்து, பழைய சீட்டுகளில் அந்த உருண்டைக் கையெழுத்தைத் தேடினேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை. முப்பது வருஷமும் அதே சொல்.

அடுத்த முறைக்கான என் சீட்டை இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.