திங்கட்கிழமைச் சிறுநீர்

16 ஜூன் 2024, ஞாயிறு

பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பலகையில் இன்றைய ஸ்கோர்: அம்மா 147, நாட் அவுட்.

ஞாயிறுதோறும் நான்தான் எழுதுவேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் அம்மா எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை இதுவரை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு அது. பெயின்ட் அடிக்கிறவர்களின் மூச்சில் தின்னர் எவ்வளவு போகிறது என்று அவர்களுடைய சிறுநீரை வைத்துப் பார்த்த கட்டுரை. சுருக்கமாகச் சொன்னால், டாக்டர் லீலா, உயிர்வேதியியல் துறை, மூத்திரத்தால் முன்னுக்கு வந்தவர். இதை அவள் எதிரில் சொன்னபோது கரண்டி பறந்து வந்தது.

நூற்றைம்பது ஆனால் கல்லூரியில் புரொபசர் பதவி கிடைக்குமாம்.

"அத்தன பேரும் உன் பேப்பர படிச்சிருக்காங்களாம்மா?"

"எண்ணுவாங்கடி. யாரு படிக்கிறா?"

மேற்கோளை அம்மா சைட்டேஷன் என்பாள்; அது சைட் அடிப்பது மாதிரிதான் போல. தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

மதியம் அம்மா சிறுநீர் மாதிரி எடுக்கும் பாட்டில் ஒன்றில் ஆப்பிள் ஜூஸ் ஊற்றி, மாடி அறையில் குடியிருக்கும் இசக்கிதுரை அண்ணன் எதிரில் மடமடவென்று குடித்தேன். அண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏ புள்ள, உனக்குக் கோட்டி புடிச்சிருக்கா?" ஜூஸ் என்று தெரிந்ததும் சிரித்த சிரிப்பு படப்பை பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரகடத்தில் ஒரு கம்பெனி பெயின்ட் லைனில் ஸ்பிரே அடிக்கிறார்.

19 ஜூன்

கெமிஸ்ட்ரி டெஸ்ட். விஞ்ஞானி மகள் ஐம்பதுக்குப் பதினொன்று. மரபணு அன்றைக்கு லீவு.

7 ஜூலை, ஞாயிறு

148.

இசக்கி அண்ணன் கேரம் ஆட வந்தார். ஸ்டிரைக்கரைக் கோட்டில் வைக்க முடியவில்லை, கை அப்படி நடுங்குகிறது. "வைப்ரேஷன் மோடுல இருக்கீங்களாண்ணே?" என்றேன். வழக்கமாகச் சிரிப்பவர், சிரிக்கவில்லை.

"மூணு மாசமா தலைக்குள்ள வண்டு கெடந்து கொடையுது. நேத்து லைன்ல சூப்பர்வைசர் பேரு மறந்துபோச்சு பாத்துக்கோ."

"ஓட்டல் கடையில குடுக்க வேண்டியதும் மறந்துபோச்சுல்லா லே," என்றார் கூட அறையில் இருக்கும் வனமாமலை அண்ணன். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

24 ஜூலை, புதன்

கம்பெனி மெடிக்கல் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இசக்கி அண்ணன் அம்மாவிடம் வந்தார். எல்லாம் நார்மல், பெயின்ட் லைனுக்கே திரும்பலாம் என்று போட்டிருந்தது.

"நீங்க படிச்சவிய அக்கா. நான் நடிக்கேன்னு சொல்லுதாவ. இதுல என்ன இருக்குன்னு பாருங்க."

அடியில் பொடி எழுத்தில் இருந்ததை நான்தான் சத்தமாகப் படித்தேன்: பாதுகாப்பான அளவுக்கு ஆதாரம், லீலா மற்றும் பிறர், 2013. "அண்ணே, எங்கம்மாதான்!" என்று வேறு சொன்னேன். பெருமை எனக்கு.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "யூரின் எப்போ எடுத்தாங்க இசக்கி?"

"திங்கக்கெழம காலையிலக்கா, ஷிப்டுக்கு முன்னாடி. எல்லாத்துக்கும் அப்பந்தான்."

"ஞாயித்துக்கெழம லீவுதான?"

"ஆமாக்கா."

அம்மா பின்னால் கை நீட்டி, நாற்காலி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

25 ஜூலை

அம்மா சொன்னது, என் மொழியில். மூச்சில் போன தின்னர் ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியே போய்விடும். மூளைக்குச் செய்ததை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போகும். வேலை முடிந்த கையோடு சிறுநீரைச் சோதித்தால் உண்மை தெரியும். ஞாயிறு லீவு கழித்துச் சோதித்தால் எல்லோரும் நார்மல்.

"அப்ப நீ ஏன் திங்கக்கெழம எடுத்த?"

"லைன் ஓடுறப்ப ஆள விடமாட்டேன்னுட்டாங்க. கெடச்சது அந்த நேரம்தான். அதையும் பேப்பர்ல எழுதியிருக்கேன் சுபா. இது லீவுக்கு அப்புறம் எடுத்த அளவு, இத பாதுகாப்புன்னு எடுத்துக்கக் கூடாதுன்னு. தெளிவா ஒரு வரி."

28 ஜூலை, ஞாயிறு

பலகையில் எழுதவில்லை. நானும் அம்மாவும் அந்த நூற்றுச் சொச்சக் கட்டுரைகளைத் திறந்து உட்கார்ந்தோம்.

முதலில் மேற்கோள் காட்டியவர் "பெயின்ட் தொழிலாளர்களிடம் அளவு குறைவு" என்கிறார். அவரைப் பார்த்து எழுதியவர் "பாதுகாப்பான அளவு" என்கிறார். அதற்குப் பின்னால் வந்த ஒரு வழிகாட்டி நூல், திங்கட்கிழமை காலை எடுப்பதே முறை என்கிறது. எல்லாவற்றிலும் அடைப்புக்குறிக்குள் அம்மா பெயர். அந்த ஒரு வரி மட்டும் எங்கேயும் இல்லை.

வேறு வழியில்லாமல் செய்ததை முறை ஆக்கிவிட்டார்கள்.

"ஒருத்தராவது முழுசா படிச்சிருக்கலாம்," என்றாள் அம்மா.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இவங்க எழுதுனத நீ படிச்சியாம்மா? இத்தன வருசமா?"

மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போனாள்.

2 ஆகஸ்ட், வெள்ளி

ஷிப்ட் முடிந்து இசக்கி அண்ணன் வந்ததும் அம்மா பாட்டிலைக் கொடுத்தாள். நான் எந்தச் சேட்டையும் செய்யவில்லை.

6 ஆகஸ்ட், செவ்வாய்

கல்லூரி லேபில் பார்த்தாயிற்று. ரிப்போர்ட்டில் இருந்ததைப் போல ஐந்து மடங்கு.

அம்மா கடிதம் எழுதிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். கூடப் போன அப்பா வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கத்தினார்.

"அந்த சேஃப்டி ஆபீசர் இன்னா சொல்றான் தெரியுமா? 'உங்க பேப்பர அத்தன பேர் ஒத்துக்கிட்டாங்க மேடம், இந்த லெட்டர யார் ஒத்துக்கிட்டாங்க?'ன்றான். அத எழுதனதே நான்தான்னு இவ சொல்லிகினு கீறா, அவன் பாட்டுக்கு டீ சொல்றான்."

அம்மா அந்த டீயைக் குடித்தாளா? கேட்கவில்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு

150. இந்த நாளுக்காக ஒரு கேக் திட்டம் வைத்திருந்தேன் — பாட்டில் வடிவத்தில். வேண்டாம்.

இன்று அம்மா கட்டுரை வெளிவந்த இதழுக்குத் திருத்தம் அனுப்பினாள். பதவி முடிவாகும் வரை கொஞ்சம் பொறுங்களேன் என்று துறைத்தலைவர் சொன்னாராம். "நான் பொறுத்துக்குவேன் சார், இசக்கி தினமும் பெயின்ட் பூத்துக்குள்ள நிக்கிறான்," என்றாளாம். அம்மா அப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது.

14 செப்டம்பர், சனி

காண்ட்ராக்டர் இசக்கி அண்ணனின் கேட் பாஸை வாங்கிக்கொண்டான். நார்மலான ஆள் வேலை செய்யவில்லை என்றால் சோம்பேறி என்று அர்த்தமாம்.

இன்று ஊருக்குப் போய்விட்டார். சட்டைப் பட்டனைப் போட முடியாமல் நின்றார். வனமாமலை அண்ணன் போட்டுவிட்டார். அம்மா கேட்டுக்கு வரவே இல்லை. "அக்காட்ட சொல்லு, அவிய மேல ஒண்ணுமில்ல," என்றார் இசக்கி அண்ணன்.

கடைசியாக ஒரு தடவை சிரிக்க வைக்கலாம் என்று ஓடிப்போய் ஆப்பிள் ஜூஸ் பாட்டிலை எடுத்து வந்தேன். வாயருகே கொண்டுபோனேன்.

"ஐயோ தாயி, அதக் குடிக்காத," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விளையாட்டுக்கு இல்லை. கண்ணில் நிஜமாகவே பயம். அன்றைக்குச் சிரித்தது எதுவும் அவருக்கு ஞாபகத்தில் இல்லை.

ஷேர் ஆட்டோ போன பிறகும் நான் பாட்டிலோடு ரோட்டிலேயே நின்றேன். என்ன பெரிய ஜோக்கு. எனக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

திருத்தம் வெளிவந்தது. அரைப் பக்கம். புரொபசர் பதவி போன மாதமே வேறு ஒருவருக்குப் போய்விட்டது.

பலகையில் இனி இரண்டு வரி. கட்டுரை 156. திருத்தம் 0.

30 மார்ச், ஞாயிறு

வனமாமலை அண்ணன் ஊருக்குப் போய்விட்டு வந்தார். "அவங்கம்மதான் சோறு ஊட்டுதா. என்னையப் பாத்து, நீங்க யாருங்கான்."

கட்டுரை 162. திருத்தம் 0.

1 ஆகஸ்ட், வெள்ளி

மாடியில் இசக்கி அண்ணன் இடத்துக்குப் போன வாரம் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். மணிகண்டபிரபு, தூத்துக்குடிப் பக்கம், என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். வேறு கம்பெனி, அதே பெயின்ட் லைன்.

வாடகை பேச வந்த அன்றைக்கே அம்மா கேட்டாள். "மெடிக்கல் எப்போன்னு சொன்னாங்களா தம்பி?"

"திங்கக்கெழம காலையில மேடம். ஷிப்டுக்கு முன்னாடி வரச்சொன்னாவ."

நான் பலகையைப் பார்த்தேன். 171. 0. அம்மா அதைப் பார்க்கவில்லை. நேராக அலமாரிக்குப் போய்ப் பாட்டிலை எடுத்தாள்.

இன்று வேலை முடிந்து வந்ததும் அவர் தயங்கித் தயங்கி அதை என்னிடம் கொடுத்தார். கிண்டல் செய்வேன் என்று வனமாமலை அண்ணன் சொல்லி வைத்திருப்பார். வாங்கி, பெயரை எழுதி, கீழே 'வெள்ளி, மாலை' என்றும் எழுதி ஒட்டி, பிரிட்ஜில் வைத்தேன்.

தண்ணீர் எடுக்க வந்த அப்பா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இன்னாடி சுபா, மறுபடியும் ஆப்பிள் ஜூஸா?"

"இல்லப்பா," என்றேன். "அத தொடாதீங்க."